பச்சத்தண்ணி கூட

மஞ்சள் காமாலையிலிருந்து பிழைத்து வந்த பிள்ளை என்கிற பட்டம் ஒன்பது வயதிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. கோயிலுக்கென்று வெளியூர் போனபோது பஸ் ஸ்டாண்டு குழாயில் கையேந்திக் குடித்ததுதான் காரணம் என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு பாட்டிலில் என் தோளில் தொங்கும். நாங்கள் இருந்த கள்ளிக்குப்பத்திலிருந்து ஆவடிப் பக்கம் போவதும் அம்மாவைப் பொறுத்தவரை வெளியூர்ப் பயணம்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாராவது தண்ணீர் நீட்டினால், "நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்வதில், வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு அந்தஸ்து வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

காமாலை தீர்ந்து சில மாதங்களில், ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் முத்தாபுதுப்பேட்டை அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை, அப்பாவுக்கு அக்கா. அத்தை மகளின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று அப்பா பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அதில் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் படுத்திருந்த செய்தி கேட்டு அத்தைதான் முதலில் போன் செய்தாள். பிள்ளையை ஒரு தரம் கண்ணில் காட்டச் சொன்னாளாம். அப்பா அன்று காலையில் இரண்டு சட்டை மாற்றினார். ஷேர் ஆட்டோவில் அம்மா வழக்கம்போல என் காதில் ஓதினாள்.

"அங்க போயி பச்சத்தண்ணி குடிச்சுகினு நிக்காத. பாட்டில்ல கீறத மட்டும் குடி."

அத்தை வாசலிலேயே என் கன்னத்தைத் தடவி, "இன்னா நைனா, புள்ள இப்டி எளச்சுப் போயி கீது" என்று அப்பாவிடம் சொன்னாள். மூன்று வருஷம் கழித்துத் தம்பியிடம் நேரில் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? எங்களை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனவள், தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளர்களோடு வந்தாள். முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினாள். மாமா இருந்தார், என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நாலு பேர் இருந்துவிட்டால் எனக்கு நாக்கு நீண்டுவிடும்.

"எங்கம்மா சொல்லிகீது அத்த, உங்க ஊட்ல பச்சத்தண்ணி கூட குடிக்கக் கூடாதுன்னு."

அந்தக் 'கூட' அம்மா சொன்னதில்லை. நான் சேர்த்தது. பெரியவர்கள் சண்டையில் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எடுப்பாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். கொதிக்காத தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உறவை முறித்துக்கொண்டு போகிறவர்கள் சொல்லும் சொல் அது என்று தெரியாது.

அம்மா பதறி எழுந்தாள். "ஐயோ அண்ணி, அதுக்கு காமால வந்ததால சொன்னேன், தண்ணி ஒத்துக்காதுன்னு..."

"சரி உடும்மா, சொன்னது சொன்னதுதானே" என்றாள் அத்தை. குரலில் கோபமே இல்லை.

எனக்கு நீட்டிய டம்ளரை அப்பா வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். குடித்த பிறகு டம்ளருக்குள் ஒரு தரம் பார்த்தார். "நீயும் குடி" என்று அடுத்த டம்ளரை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் தொடவில்லை. எல்லோரும் பார்க்க என் பாட்டிலைத் திறந்து, கடகடவென்று குடித்துக் காட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. வாயால் சொன்னதையாவது தெரியாமல் சொன்னது என்று தள்ளிவிடலாம். இது வீம்பு. இதற்குச் சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

அத்தை சாப்பாடு போட்டாள். கறிக்குழம்பு வாசனை கூடத்தை நிறைத்தது. எல்லோர் இலைக்கும் பக்கத்தில் டம்ளர் வைத்தவள், நாற்காலியில் கிடந்த என் பாட்டிலை எடுத்து வந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கிளம்பும்போது அம்மாவிடம் அவள் போய்ட்டு வா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளிடமிருந்து போனும் வரவில்லை. அப்பா செய்தால் மாமா எடுத்து, நல்லாயிருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிடுவார்.

அன்று ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"அது கொதிக்க வெச்ச தண்ணி. சீரகம் போட்டு ஆற வெச்சிகீது எங்கக்கா. உனக்குன்னு."

அம்மா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கொதிக்கவைத்த தண்ணீர் என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வாங்கிக் குடித்திருப்பேனே, ஏன் சொல்லவில்லை என்று, நாங்கள் இறங்கும் அம்பத்தூர் வரும்வரைக்கும் அப்பாவைக் கேட்டு நச்சரித்துக்கொண்டே வந்தேன்.