காகத்தைக் கூப்பிட்டபோது வந்த நரி

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் என் மனைவிக்கு விரதம். காகம் சோறெடுத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். டென்மார்க்கின் புரொண்பியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அந்தச் சோற்றை வைத்துக் காகத்தைக் கூப்பிடுவது என் வேலை. இந்த வீட்டில் என்னை நம்பி ஒப்படைத்த ஒரே பொறுப்பும் அதுதான். கூப்பிட்டுவிட்டு உள்ளே போவேன்; திரும்பி வரும்போது சோறு இல்லாவிட்டால் காகம் எடுத்துவிட்டது என்று மனைவியிடம் சொல்வேன்.

பக்கத்து வீட்டு டேனிஷ் பெண் முன்பே எச்சரித்திருந்தாள். இந்தப் பக்கம் ஒரு நரி திரிகிறது, யாரோ சாப்பாடு வைத்துப் பழக்குகிறார்கள், தீனி கிடைக்கிற இடத்தில் நரிக்கு மனிதப் பயம் விட்டுப்போகும் என்றாள். யாரந்தப் பொறுப்பில்லாத ஆள் என்று நானும் அவளோடு சேர்ந்து கவலைப்பட்டேன். காகத்துக்கு வைப்பது என் கணக்கில் சாப்பாடு அல்ல, படையல்.

அன்று மத்தியானம் எள்ளுச் சோற்றில் நெய் விட்டு, வேலியோரக் கல்லில் வைத்தேன். வேலி என்றால் இடுப்பளவுச் செடிதான். அதற்கு அப்பால் அவளுடைய கைக்குழந்தை தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. இங்கே குழந்தைகளைக் குளிரிலும் வெளியேதான் தூங்க விடுவார்கள். தாய் உள்ளே இருந்தாள்.

"கா… கா…" என்றேன். செடியை விலக்கிக்கொண்டு நரி வந்தது.

சோற்றை நக்கி முடித்தது. போகவில்லை. மூக்கைத் தூக்கி மோந்துவிட்டு, வந்த வழியே அந்தப் பக்கம் நுழைந்து வண்டியடிக்குப் போனது. முன்னங்காலைச் சில்லில் வைத்து எட்டிப் பார்த்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது.

நரி கிட்ட வந்தால் நிமிர்ந்து நின்று சத்தம் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. நிமிர்ந்தேன். என் வீரத் தொண்டையிலிருந்து வந்த ஒரே சத்தம்: "கா… கா…"

நரி காதைத் திருப்பியது. காலை இறக்கியது. நேரே என்னிடம் வரத் தொடங்கியது. இத்தனை சனிக்கிழமையும் யாருக்குப் பந்தி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. ஓடினால் அது மறுபடி வண்டிக்குப் போய்விடும். அசையாமல் நின்றேன்.

மனைவி கதவைத் திறந்து சட்டி மூடியைக் கரண்டியால் அடித்தபடி வந்தார். நரி செடிக்குள் பாய்ந்து மறைந்தது.

"காகத்தைக் கூப்பிடச் சொன்னா, நரிக்கெல்லோ பாடம் எடுத்து வைச்சிருக்கிறியள்," என்றார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த தாய் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். மனைவி டேனிஷில் எல்லாவற்றையும் சொன்னார், என்னைக் கொஞ்சமும் காப்பாற்றாமல். அவள் என் பக்கம் திரும்பினாள். "இனி நிலத்தில் வைக்காதீர்கள்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனி மேல்மாடி யன்னல் விளிம்பில் சோறு வைத்தேன். வாய் திறக்கக் கூடாதென்பது மனைவியின் கட்டளை. கீழே குழந்தையின் தாய் வண்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். நரி வந்து வெறும் கல்லை மோந்தது. பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் எழுந்து நின்று கைகளைத் தட்டினாள். நரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெல்லத் திரும்பி நடந்தது.