மூன்று மா நிலமும் இரண்டு துளைகளும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காது குத்தினோம்.

பத்திரிகை வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு வயது பதினாறு. முறையாகக் குத்த வேண்டியதை ஒரு வயதிலேயே குத்தியாகிவிட்டது. இது மூன்றாவது துளை... காதின் மேல்பக்கம், குருத்தெலும்பில். வகுப்பில் நாலு பேர் குத்தியிருக்கிறார்களாம். "நீ குத்தலைன்னா ஸ்கூல இழுத்து மூடிடுவாங்களா?" என்று கேட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு டாட்டூ ஸ்டுடியோவின் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். யார் ஜெயித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சுவரெல்லாம் சிங்கம், வேல், சிலுவை, ஜல்லிக்கட்டுக் காளை. ஊசி பிடிப்பவர் முப்பது வயதுக்காரர், சொந்த ஊர் வேதாரண்யம். கையுறை மாட்டிக்கொண்டே பாடம் நடத்தினார்.

"தெனம் ரெண்டு வேளை உப்புத் தண்ணில கழுவணும். காய்ச்சி ஆறவச்ச தண்ணி. கையால தொடக் கூடாது, திருகக் கூடாது. மஞ்சள், எண்ணெய்னு எதையும் அப்பிடாதீங்க. நடுவுல கழட்டினீங்கன்னா தொளை மூடிக்கும்."

"எந்த உப்புங்க?" என்றாள் மகள்.

"எங்க ஊரு உப்பு இருக்கப்ப வேற எதுக்குங்க?" என்று சிரித்தவர், ஒரு படிவத்தை என் பக்கம் நீட்டினார். "பதினெட்டு ஆகலைல்ல... அம்மா கையெழுத்து வேணுங்க."

பேனாவை வாங்கினேன். கை ஓடவில்லை.

"என்னம்மா, பயமா இருக்கா?"

பயம் இல்லை. காது குத்துவதற்காக அம்மா கையெழுத்துப் போடுவது எங்கள் வீட்டில் இது இரண்டாவது முறை.

சீர்காழிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா குத்தகைக்கு நெல் பயிரிட்டவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அம்மாவைப் பெற்றவர் இறந்தபோது ஆறு மா நிலம் விட்டுப்போனார். வாரிசு இரண்டே பேர்: அம்மாவும் அவளுடைய அண்ணனும். ஆளுக்கு மூன்று மா. அதாவது, ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

மாமா கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இந்த வயதில் எனக்குப் பஞ்சாயத்து வேண்டாம். முன்கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்தியிருப்பார். மைக்கைப் பிடித்தால் கூட்டம் கலையாது. பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்த சமயம் அது. கடைத்தெரு கூட்டத்தில் மாமா அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். "அண்ணன் பேசுனதக் கேட்டீங்களா? பொண்ணுக்கும் பங்குன்னு என்னமா பேசுனாரு! நான் போய்க் கேட்டா தராமயா இருப்பாரு?"

பாவம். அம்மா செய்த தப்பு அது ஒன்றுதான். மேடைப் பேச்சை நம்பினாள்.

மறுநாளே போய்க் கேட்டாள். மாமா சண்டை போடவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது, இன்னும் காது குத்தவில்லை. காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டுமே? அண்ணன் வரட்டும், வரட்டும் என்று அம்மா இரண்டு முகூர்த்தங்களைத் தள்ளிப்போட்டாள். மூன்றாவதற்கு வருவதாக மாமா சொல்லியனுப்பினார்.

வந்தார். குலதெய்வம் கோயிலுக்கு, தட்டு நிறையச் சீரோடு. தங்கத் தோடு, பட்டுப்பாவாடை, பழம். பழத்துக்குக் கீழே மடித்த பத்திரம்.

"வசந்தா, நெலத்துல பாத்தியதை இல்லேன்னு ஒரு கையெழுத்து போட்டுடு. அப்புறம் புள்ளைய மடியில வச்சுக்குறேன்."

"அண்ணே... நல்ல நேரம் போவுதுண்ணே."

"அதான் சொல்றேன். சீக்கிரம் போடு."

ஊரே உட்கார்ந்திருந்தது. பத்தர் ஊசியோடு காத்திருந்தார். தாய்மாமன் எழுந்து போய்விட்டால் நாளைக்கு ஊர் என்ன பேசும், இந்தப் பெண்ணுக்கு யார் முன்னே நிற்பார்கள் என்றெல்லாம் அம்மா நினைத்திருக்க வேண்டும். அப்பா மட்டும் "வேணாம் வசந்தா" என்றார். அம்மா போட்டுவிட்டாள். அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் ரேகையும் வைத்தாள்.

மாமா கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபம். ஆனால் நான் அலறியபோது அந்தப் பச்சை குத்திய கை என்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. வாயில் வெல்லம் வைத்து, "முடிஞ்சிடுச்சுடா கண்ணு, முடிஞ்சிடுச்சு" என்றார். முடிந்துதான் போயிருந்தது.

வலது காது சீழ் பிடித்துக்கொண்டது. அம்மா ஒரு மாதம் காலையும் மாலையும் வெந்நீரில் உப்புப் போட்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். நான் கையைத் தட்டிவிட்டால் சொல்வாள், "மூடிக்கக் கூடாதுடி. மூணு மா குடுத்து வாங்கின தொளை."

அம்மா தமாஷ் பண்ணுகிறாள் என்று நான் சிரிப்பேன்.

இரண்டு வருஷத்தில் நிலக்காரர் வாய்மொழிக் குத்தகையை முடித்துக்கொண்டார். அப்பா கூலிக்குப் போனார். அம்மாவும் நடவுக்குப் போனாள். எந்த வயலில்? வாய்க்கால் ஓரத்து மூன்று மாவில். தன் பங்கு நிலத்தில், அண்ணன் கொடுத்த கூலிக்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலேஜ் ஹாஸ்டலில் கம்மலைக் கழற்றி எறிந்தேன். 'நகை ஓர் அடிமைச் சின்னம்' என்று பேச்சுப்போட்டியில் முழங்கிக் கைதட்டல் வாங்கினேன். மைக்கைப் பிடிப்பதில் நானும் மாமாவின் மருமகள்தானே! லீவுக்கு ஊருக்கு வந்தபோது அம்மா என் வலது காது மடலை விரலால் தடவினாள்.

"மூடிடுச்சா?"

"அதுக்கென்னம்மா, வேணும்னா திரும்பக் குத்திக்கிட்டா போச்சு."

அம்மா விரலை எடுத்துக்கொண்டாள். உலையில் அரிசியைப் போடப் போய்விட்டாள். அவள் முகம் போன போக்கு எனக்கு அப்போது புரியவில்லை. அம்மா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் அந்தப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. அதோடு என் காதுகுத்துப் பத்திரிகையும். இரண்டிலும் ஒரே தேதி. அன்றைக்கு நான் அழுத அழுகை எந்த ஊசிக்கும் அழுததில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மகளுக்கு வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. வேதாரண்யத்துக்காரர் என் காதைக் கவனித்துவிட்டார்.

"மேடம், உங்களுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கே?"

"ஆமா, அதையும் குத்திடுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் வாயைப் பிளந்தாள். இன்னொரு படிவம். எனக்கு நானே கையெழுத்து.

பழைய தழும்பின் மேலேயே ஊசி இறங்கியது. வலிதான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன். ஆறு வாரத்துக்குக் கழற்றக் கூடாதாம். நான் சாகிறவரைக்கும் கழற்றப்போவதில்லை.