சிட்செலின் சனிக்கிழமை

சிட்செலைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? துளியும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் துறைமுகத்தை ஒட்டிய கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு பெரிய வக்கீல் நிறுவனம். அங்கே நாங்கள் இருவரும் ஒரே அறையில் மூன்று வருஷம் குப்பை கொட்டினோம். அவள் மேற்குக் கடற்கரைப் பக்கம்; அப்பா பன்றிப் பண்ணைக்காரர். அதிகம் பேசமாட்டாள். பேசினால், தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைப்பாள். மதியம் கறுப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டே மனு எழுதுவாள். எனக்கோ தூக்கம் போய், லிஃப்ட் கதவு திறந்தாலே நெஞ்சு படபடக்கும்.

அந்தப் படபடப்பில்தான் ஒரு மேல்முறையீட்டின் கெடுவை ஒரு வாரம் தள்ளிக் குறித்துவிட்டேன். கண்டுபிடித்தது சிட்செல். அன்று வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை கடைசி நாள்.

"மாரென், நீ வீட்டுக்குப் போடி. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. நான் எழுதிக்கறேன்" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, அவள் அப்பாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். எங்கள் ஊரில் அறுபது என்றால் மண்டபம், விருந்து, பிள்ளைகள் தாங்களே பாட்டுக் கட்டிப் பாடுவது எல்லாம் உண்டு. சிட்செல் கட்டிய பாட்டை அவள் அண்ணன் பாடினான். அவள் ஆபீஸில் உட்கார்ந்து என் மனுவை எழுதினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த வருஷம் நான் தப்பித்தேன். போல் என்பவர் நடத்தும் சின்ன அலுவலகம், மொத்தம் ஏழு பேர். நாலு மணியானால் போல் அறை அறையாக வந்து விளக்கை அணைப்பார். "கெளம்பு, கெளம்பு! கோர்ட்டு நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்" என்பார். ஒரு மாதத்தில் எனக்குத் தூக்கம் திரும்பிவிட்டது. என்னை எல்லாரும் கெட்டிக்காரி, ஒரு தேதி தவறவிடமாட்டாள் என்றார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

அங்கே ஓர் இடம் காலியானதும் சிட்செலுக்குத்தான் முதலில் போன் போட்டேன். "விண்ணப்பம் போடுடி, நான் சொல்லி வைக்கறேன்."

போலிடம் வேலைக்கு வருகிறவர்கள் எங்களோடு மதியம் சாப்பிட வேண்டும். அவர்கள் போன பிறகு நாங்கள் எல்லாரும் கருத்துச் சொல்வோம். ஒருவர் தயங்கினாலும் ஆளை எடுக்கமாட்டோம். சிட்செல் வந்தாள், மீன் ஊறுகாயை ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டாள், எல்லாரையும் சிரிக்க வைத்தாள். எழும்போது என் தோளைத் தட்டி, "மாரென் எனக்கு ஒரு சனிக்கிழமை பாக்கி வெச்சிருக்கா. அதை வாங்கத்தான் வந்தேன்" என்றாள்.

மேசையே சிரித்தது. நான் மட்டும் தட்டுகளை அடுக்கினேன். இவள் தினமும் இந்த மேசையில் உட்கார்ந்தால், அந்தக் கதை என்றாவது ஒரு நாள் வெளியே வந்துவிடும்.

அவள் போனதும் போல் என்னைப் பார்த்தார். "உனக்குத்தானே அவளை நல்லாத் தெரியும், சொல்லு."

"வேலையில கெட்டி. ஆனா..." என்று இழுத்தேன். பிறகு வாய் கூசாமல் சொன்னேன். "நாலு மணிக்கு எந்திரிக்கற ஆள் இல்ல. சனிக்கிழமைகூட ஆபீஸ்ல உக்காந்திருப்பா."

எல்லார் முகமும் மாறியது. "அடடா, அந்த வியாதி இங்க வேண்டாம்ப்பா" என்றார் போல். அவ்வளவுதான், முடிந்தது.

மறுநாள் நாலு மணிக்கு விளக்கு அணைந்ததும் சைக்கிளில் துறைமுகம் வழியாக வந்தேன். கண்ணாடிக் கட்டடத்தில் எங்கள் பழைய ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. பையில் போன் அதிர்ந்தது. சிட்செல் அனுப்பியிருந்தாள்.

"கிடைக்கலடி. பரவாயில்ல, நீ வருத்தப்படாதே. எனக்காக எவ்வளவோ பேசிப் பார்த்திருப்பே, எனக்குத் தெரியும்."

காலை ஊன்றி நின்று, "ஆமாம்டி" என்று பதில் போட்டேன்.