மூன்று பாட்டில் ட்ரிப்ஸ்

ஊழியக்காரர் குடும்பம் வீட்டுக்கு வந்தால் பிரியாணிதான் செய்ய வேண்டும் என்று எங்கேயோ சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆரணியில் கேட்கவே வேண்டாம். வேனை விட்டு இறங்கும்போதே பட்டையும் கிராம்பும் தெருவரை மணந்தது. முந்தின நாள் சேத்துப்பட்டில் பிரியாணி, அதற்கு முந்தின நாள் செய்யாற்றில் பிரியாணி. அன்போடுதான் செய்கிறார்கள், குறை சொன்னால் என் வாய் புழுத்துப் போகும். ஆனால் அன்று எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கரண்டி மிளகு ரசமும், யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்காத ஒரு மூலையும்தான்.

பதினொரு வருடமாக நாங்கள் மூன்று பேரும் இப்படிச் சுற்றுகிறோம். பள்ளி நாட்களில் வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவோம். மே மாதம் வந்துவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு மாதம் முழுவதும் சாலைதான். கணவர் பிரசங்கம் செய்வார், நான் கீபோர்டு வாசிப்பேன், மகள் சாட்சி சொல்வாள். வேனின் பின்பக்கம் ஸ்பீக்கர் பெட்டிகள், சுருட்டி வைத்த பேனர், துணிப் பைகள். ஈரத் துண்டுகள் சீட்டின் மேலேயே காயும். ஒவ்வொரு வீட்டிலும் எந்த சுவிட்சு விளக்குக்கு, எந்த சுவிட்சு ஃபேனுக்கு என்று தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். புது ஊருக்குள் நுழையும்போது என் முதல் ஜெபம், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும் என்பது. இதையெல்லாம் எழுதினால் விசுவாசக் குறைச்சல் என்பார்கள். விசுவாசம் அப்படியேதான் இருக்கிறது, இடுப்புதான் வலிக்கிறது.

சாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடவுள் தனக்குச் செய்த நன்மையைக் கூட்டத்தின் முன் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. எங்கள் பேனரில் கணவரின் படத்துக்குக் கீழே ஒரு வட்டத்துக்குள் மகளின் படம் இருக்கும். இரட்டைச் சடையோடு இருக்கும் அந்தப் படம் அவளுடைய ஏழு வயதில் எடுத்தது. இப்போது அவளுக்குப் பதினாலு. மரணப் படுக்கையிலிருந்து எழுந்த குழந்தை என்று இன்னும் அதையேதான் கட்டுகிறோம், பேனர் நன்றாக இருக்கிறதே என்று.

அவளுக்கு மூன்று வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. கணவர் வெளி மாவட்டத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிறகு ஒரு வீட்டு ஜெபத்தில் நடந்ததை நடந்தபடி பெண்களிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். ஆஸ்பத்திரி, ட்ரிப்ஸ் என்று நான் சொன்னதும், கையில் கீரையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மறுபடியும் கீரையை ஆயத் தொடங்கிவிட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த வீட்டில் ட்ரிப்ஸை விட்டுவிட்டுச் சொன்னேன். யாரும் கீரை ஆயவில்லை.

அப்புறம் அது தானாக வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் முதல் ராத்திரி டியூட்டி டாக்டர், “காலையில பார்க்கலாம்மா” என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் கையை ஆட்டியது உண்மை. நான் சொல்லச் சொல்ல அது டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று ஆனது. மூன்று வாரம் கழித்து ஊரிலிருந்து திரும்பிய கணவரும் இந்தக் கதையைத்தான் கேட்டார். அவர் என்னைச் சந்தேகப்படுகிற மனிதர் இல்லை. மகளுக்கு ஆறு வயதானபோது அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். அதற்குப் பிறகு என் வேலை வாசிப்பது மட்டும். “எங்க அம்மா என்னைத் தரையில கிடத்தி முழங்கால்படியிட்டாங்க” என்று அவள் சொல்லும் இடத்தில் கீபோர்டை வயலின் சத்தத்துக்கு மாற்றுவேன். அந்த இடத்தில் அழாதவர்களை நான் பார்த்ததில்லை. சில நாள் நானே அழுதிருக்கிறேன், அதுதான் வெட்கக்கேடு.

ஆரணியில் மூன்று நாள் கூட்டம். முதல் நாள் மாலை மகள் சாட்சி சொல்லி முடித்ததும், நாங்கள் தங்கியிருந்த அதே தெருவைச் சேர்ந்த நெசவுக்கார வீட்டுப் பெண் ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஸ்பீக்கரில் சாட்சியைக் கேட்டுவிட்டு வந்தவள். குழந்தைக்கு மூன்று வயது இருக்கும், மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாள். கணவர் ஜெபித்து அனுப்பினார். அப்படி இருபது பேராவது வந்திருப்பார்கள். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேவிகாபுரத்தில் ஒரு வீட்டு ஜெபத்துக்குக் கிளம்ப வேண்டும். எங்களுக்கு இடம் கொடுத்திருந்த வீட்டுக்கார அக்கா வாசலிலேயே நிறுத்தினார். அவர் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுபவர், விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்று தன் ஸ்கூட்டரையே முதல் நாள் தெருமுனையில் விட்டிருந்தாராம்.

“ஒரு மணி நேரம் ஆவும் பாஸ்டரம்மா. தெருவுல பாவு போட்டுகினு இருக்காங்க. முடிஞ்சாத்தான் வேன எடுக்க முடியும்.”

எட்டிப் பார்த்தேன். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தறியில் ஏற்றப்போகும் மாம்பழ நிறப் பட்டு நூலை இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாலைந்து பேர் இரண்டு பக்கமும் நடந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். கணவருக்குப் பேஜாராக இருந்தது, கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கோ சந்தோஷம். ஒரு மணி நேரம் யாருக்கும் சிரித்துக் காட்டாமல் வேன் படியில் உட்காரலாம். உட்கார்ந்தும்விட்டேன், பக்கத்தில் மகள்.

அப்போதுதான் அந்தப் பெண் சுவரை ஒட்டி ஒருக்களித்தபடி நடந்து வந்தாள். குழந்தை தோளில் துவண்டு கிடந்தது. என்னைப் பார்க்கவில்லை, நேராக மகளிடம்தான் வந்தாள்.

“நேத்தியிலேர்ந்து மாத்திர குடுக்கல பாப்பா. உனக்குச் செஞ்ச சாமி எம் பொண்ணுக்கும் செய்யும்னு வுட்டுட்டேன். ரத்தம் டெஸ்ட் எடுக்கணும், இன்னிக்கி இட்டுகினு வான்னு டாக்டரு சொன்னாரு. நான் போவல. நீ கைய வெச்சி ஒரு ஜபம் பண்ணு.”

மகள் குழந்தையின் நெற்றியில் கை வைத்தாள். வைத்தவள் கையை எடுத்துவிட்டு, “அப்பா, ரொம்பக் கொதிக்குது” என்றாள்.

“ஜெபம் பண்ணலாம்மா, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க” என்றார் கணவர்.

“டாக்டரு கைய விரிச்சாருன்னு நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவலியேங்க” என்றாள் அந்தப் பெண். கோபமே இல்லாமல் கேட்டாள். “இந்தப் பாப்பாவத் தரையில போட்டுத்தானே ஜபம் பண்ணீங்க? அதான் பொழச்சிதுன்னு நேத்து அதுவே சொல்லுச்சே.”

கணவர் மகளைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் என்னிடம் எதையும் சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அம்மா, நீ சொல்லு என்பது போலப் பார்த்தாள், அவ்வளவுதான். பேசாமல் இருந்தால் அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்பது தெரிந்தது. அப்படியும் ஒரு கணம் பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

“கூட்டிட்டுப் போனேன்” என்றேன். “மூணு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. ஊசி போட்டாங்க. கட்டில் கிடைக்கல, அதான் ஆஸ்பத்திரி வராந்தாவுல தரையில படுக்க வெச்சேன். அங்கதான் முழங்கால்படியிட்டேன். ரெண்டும்தாம்மா பண்ணினேன்.”

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

“அத ஏங்க சொல்லல?”

கீரை ஆய்ந்த அம்மாவின் கதையை அங்கே சொல்லவா முடியும்?

கணவர் பைபிளை வேன் சீட்டில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தோளில் வாங்கிக்கொண்டார். வேனை எடுக்க வழியில்லை. பட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இரண்டடி இடைவெளியில் ஒருக்களித்தே நடந்தோம், அவர் முன்னால், அந்தப் பெண் நடுவில், நான் கடைசியில். இழை முடிந்துகொண்டிருந்த ஒருவர், “ஜல்தியா போங்க, முந்தானைய மட்டும் இடுப்புல சொருவிக்கோங்க” என்றார். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. மகள் எங்களோடு வரவில்லை. வேன் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், உடனே சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று டாக்டர் அந்தப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்குச் சேர வேண்டிய திட்டு அது. அவள் தலையைக் குனிந்துகொண்டு என் பெயரைச் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். குழந்தையின் கையில் ட்ரிப்ஸ் ஏறத் தொடங்கியதும் கணவர் கட்டில் ஓரத்தில் நின்று மெதுவாக ஜெபித்தார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் ஜெபித்து நான் கேட்டதில்லை. தேவிகாபுரத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னோம்.

மத்தியானம் வீடு திரும்பினோம். மீந்த பிரியாணியைச் சூடு பண்ணிப் போட்டார்கள், மூன்று பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். நாலு மணிக்கு அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வந்து, காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருக்கிறது, குழந்தை தண்ணீர் கேட்டுக் குடித்தது என்று சொன்னார்.

மாலை கூட்டத்துக்கு மேடை ஏறும் முன் கணவர் மகளிடம் கேட்டார்.

“இன்னிக்கு சாட்சி சொல்றியாம்மா?”

“நான் என்ன சொல்றது? எனக்குத்தான் எதுவுமே தெரியலையே.”

அவர் மைக்கை என் பக்கம் நீட்டினார். “நீயே சொல்லு.”

பதினொரு வருடத்தில் நான் மைக் பிடித்தது அன்றுதான். கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்தேன். எங்கள் மூவரின் தலைக்குப் பின்னால் இரட்டைச் சடைப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பாட்டில், யார் எனக்குப் பாய் கொடுத்தார்கள், என்ன சொல்லி ஜெபித்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இத்தனை நாளும் மறைத்தது நான்தான், மகளுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். ஒருவரும் அழவில்லை. இரண்டாம் வரிசையில் ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டு அடம்பிடித்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கினேன்.

மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். கணவர் பிரசங்கத்தை ஆரம்பித்திருந்தார். எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

“எந்தக் கையிலம்மா ட்ரிப்ஸ் போட்டாங்க?”

“இடது கையில. நரம்பு கிடைக்கல, மூணு தடவை குத்தினாங்க. நீ என் தாலியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கத்தினே.”

அவள் இடது கையை மடியில் வைத்து, மேடையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு அதில் என்ன தழும்பு இருக்கும்? அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.