தூள் மேட்டில் வந்த முழுச் சுற்று

தேனியை விட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். வலது தோளில் வைத்திருந்த ஐஸ் பொட்டலம் உருகி, சட்டை முதுகுவரை நனைந்திருந்தது. பஸ்கள் வந்தன. கை காட்டவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் நடந்ததை யோசிக்க வேண்டியிருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். தேனியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே போய், என்னுடைய பல்டி ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்கு வயது போய்விட்டது. விவரம் தெரிந்த ஒருவர் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

பின்னால் எகிறி, தலைகீழாகப் போகும்போதே உடம்பை ஒரு முழுச் சுற்று முறுக்கி, கிளம்பிய திசையைப் பார்த்தே வந்து நிற்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபுல். கூடத்து மெத்தையில் எகிறினேன். முக்கால் சுற்றில் தரை வந்துவிட்டது. தோளில் விழுந்தேன். மறுபடி எகிறினேன். அதே முக்கால், அதே தோள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அங்கிருந்த ஆசிரியை சிரிக்கவில்லை. "தம்பி, பிள்ளைக பழகுற நேரம். ஓரமா உக்காருங்க, தோள் வீங்கிரும்" என்று சொல்லி ஐஸ் கொடுத்தார். நான் எகிறியதை அவர் கவனித்துப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு போடிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம், கம்பத்தில் வாழைத்தார் ஏற்றுவது, திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிப்பது என்று ஊர் ஊராகத்தான் இருந்தேன். ஒரு இடத்தில் மனம் தங்காது. தங்கியது ஒரே இடத்தில், கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த நார் மில்லில். காரணம் கூலி இல்லை. அங்கே குவிந்து கிடந்த தூள்.

தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூளை ஒரு பெல்ட் மேலே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்கும். அது கூம்பாக வளர்ந்து ஓலைக் கொட்டகையை விட உயரமாக நிற்கும். ஈரத்தூள் மெத்தை மாதிரி. கழுத்து முறியாமல் விழுவதற்கு எனக்குக் கிடைத்த முதல் இடம் அதுதான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பழைய கதவை அழுத்திப் போட்டு, அதில் நின்று எகிறுவேன். மதியம் மெஷினை நிறுத்தியதும் லோடு ஏற்றும் நண்பன் கீழே நின்று போனில் படம் எடுப்பான். சாப்பிட்டுக்கொண்டே அதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். சொல்லித்தர ஆள் கிடையாது. எந்தக் கையை நெஞ்சுக்கு இழுப்பது, எந்தத் தோளைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது எல்லாம் விழுந்து விழுந்து கண்டுபிடித்ததுதான். ஒருமுறை முழங்கால் தாடையில் இடித்து ஒரு பல் போனது. கண்ணில் தூள் போய் அரிப்பது தினமும் உண்டு.

பிறகு ஒருநாள் சுற்று முழுதாக வந்தது. தென்னை மட்டைகள், மலை, வானம், மறுபடி மலை. கால் தூளில் முழங்கால்வரை புதைந்தபோது நான் கிளம்பிய திசையைப் பார்த்து நின்றிருந்தேன். நண்பன் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். அந்த நேரத்தைப் போல் எனக்கு வேறொன்று வாய்த்ததில்லை.

வீரபாண்டிக்கு முன்னால் ஒரு பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். கூடத்தில் ஒரு பிள்ளையிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தேன். அதையும் மில்லில் எடுத்ததையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். எகிறும் விதம் ஒன்றுதான். கையும் ஒன்றுதான். முக்கால் சுற்றில் மெத்தையில் இருப்பவன் விழுகிறான். மில்லில் இருப்பவன் அதே முக்காலில், கதவு கிடக்கும் மட்டத்துக்கு வந்த பிறகும், இன்னும் கீழே போய்க்கொண்டே இருக்கிறான். சரிவு அவனுக்கு இடுப்பளவு காற்றைக் கூடுதலாகக் கொடுக்கிறது. கடைசிக் கால் சுற்று அந்தக் காற்றில்தான் நடக்கிறது.

அப்போது மில்லிலிருந்து நண்பன் போனில் கூப்பிட்டான்.

"என்ன மாப்ள, சுத்துனியா?"

"முக்கால்ல நின்னுருச்சு."

"என்னடா சொல்ற? இங்கன பம்பரமாட்டம் சுத்துவ. மெத்தையக் கண்டதும் தூக்கம் வந்துருச்சா?"

"சிரிக்காத மாமா. தோள்ல நல்ல அடி."

"டீச்சரம்மா என்ன சொன்னாக?"

"ஐஸ் குடுத்தாக."

"அப்பறமென்ன, பரிசு வாங்கிட்ட. கெளம்பி வா. மொதலாளி உன்னைய ரெண்டு தடவ கேட்டாக. தூளு மலையாட்டம் கெடக்கு."

"மாமா, அங்கன நான் சுத்தலடா. மேடுதான் என்னையச் சுத்த விட்டுருக்கு."

"எது சுத்த விட்டா என்னடா? நீ நின்னியா இல்லையா? நான் பாத்தேன்ல" என்றான்.

திரும்பிப் போனால் மறுநாள் மதியமே அந்தக் கதவில் நின்று எகிறலாம். முழுதாக வந்து நிற்கலாம். கீழே இவன் கத்துவான். மலையும் வானமும் மறுபடி மலையும் வரும். உடம்பு முழுக்க அதைக் கேட்டது. ஆனால் இனி அங்கே ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அந்தக் கடைசிக் கால் சுற்று என்னுடையது இல்லை என்று தெரியும். "வரல மாமா" என்றேன். "போடா கிறுக்கா" என்று வைத்துவிட்டான்.

சின்னமனூர் வரை நடந்து, பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் வேலை தேடிப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு ரைஸ் மில். முன்னால் அவித்த நெல் காயப்போடும் பெரிய சிமெண்டுக் களம். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் களத்து ஓரத்தில், நெல் இல்லாத தரையில் படுக்கப் போட்டுப் பார்த்தேன். ஒரு சாண் உருண்டு நின்றது. அவ்வளவு சமம். களத்தில் வேலை செய்யும் பெண்களை மேய்க்கிற அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, பாட்டில வச்சு என்ன சோசியம் பாக்குற?"

"வேல இருக்காக்கா?"

"என்ன வேல தெரியும்?"

"எல்லாந் தெரியும்."

"எல்லாந் தெரிஞ்சவனுக்கு இங்கன வேல இல்ல. நெல்லுத் தள்ளத் தெரியுமா?"

"தெரியும். சாயங்காலம் நெல்லக் குவிச்சு மூடுனப்பறம் களம் சும்மா கெடக்குமா?"

"கெடக்கும். எதுக்கு, கட்டில் போடவா?"

"ஆமாக்கா."

"படு, படு. சூடு எறங்காது, முதுகு வெந்துரும்" என்று சொல்லி நெல் தள்ளும் பலகையை என் பக்கம் நீட்டினார். சிமெண்டில் ஃபுல் அடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சரிவு இல்லாத இந்தத் தரையில் நின்ற இடத்தில் எகிறி, தலைகீழாகாமல் நேராக ஒரு சுற்று சுற்றி இறங்கலாம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தோள் வலித்ததால் பலகையை இடது கையால் வாங்கினேன். களம் முழுக்க நெல் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. மூலையிலிருந்து தள்ள ஆரம்பித்தேன்.