கோகிலாவோட அக்கா

நீங்க சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க, நடுவுல சிரிச்சா எனக்கு கோவம் வரும். ஏன்னா நானும் உங்கள மாதிரிதான், பேய், காத்து, கருப்பு எதையும் நம்பாதவன். ஆவடில ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல வளந்தவன் நான். பக்கத்து பிளாக்குல ஒரு அம்மாவுக்கு சாமி வந்து ஆடும், தெருவே கையக் கட்டிகினு நின்னு குறி கேக்கும், நான் மட்டும் வேர்க்கடலைய மென்னுகினு "தண்ணி பம்பு எப்ப ரிப்பேர் ஆவும்னு கேளுங்க"ன்னு கத்துவேன். அதுக்கு எங்கப்பா கிட்ட ஒதையும் வாங்கிக்கீறேன். அப்படிப்பட்டவன் சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

தொண்ணூறுங்களோட ஆரம்பம். அப்பல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்னா கோயில் மாதிரி, செருப்ப வெளிய கழட்டிட்டுதான் உள்ள போவணும், கண்ணாடிக் கதவத் தொறந்தா ஏ.சி. காத்து மூஞ்சில அடிக்கும். எங்க சென்டர் அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துல ஒரு மருந்துக் கடைக்கு மேல மாடில இருந்துது. நானும் பாஸ்கரும் அங்கதான் ஒண்ணா படிச்சோம். அவன் திருநின்றவூர்ல ரயில் ஏறுவான், நான் ஆவடில அதே பொட்டில ஏறுவேன், எனக்கு சீட்டு புடிச்சு வெச்சிருப்பான். நல்ல பையன். அதுதான் பிரச்சனையே, கெட்டவனா இருந்திருந்தா பொறாமைப்படறது சுலபமா இருந்திருக்கும்.

படிப்பு முடிஞ்சதும் ஓனர் சார் எங்க ரெண்டு பேரையும் கிளாஸ் எடுக்கச் சொன்னாரு, கொஞ்ச நாள் பாத்துட்டு ஒருத்தர மட்டும் பர்மனென்ட்டா வெச்சிக்கிறேன்னுட்டாரு. எங்கப்பா ரிட்டயர் ஆவப் போறாரு, குவார்ட்டர்ஸ காலி பண்ணணும், எனக்கு அந்த வேலை வேணும். பாஸ்கருக்கு அப்பா இல்ல, அம்மா மட்டும்தான், அவனுக்கும் வேணும்.

நான் மண்டைய ஒடச்சிகினு சாருக்காக ஒரு அட்டெண்டன்ஸ் புரோகிராம் எழுதினேன். பாத்துட்டு "குட்"னாரு, அவ்ளோதான். பாஸ்கர் இன்னா பண்ணான்னா, ஒரு கேம் எழுதினான். படம் கெடையாது, சத்தம் கெடையாது, கருப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து மட்டும். ஏரிக்கரையில ஒரு ஊடு, அதுல கோகிலான்னு ஒரு பொண்ணு செத்துக் கெடக்கும், யாரு கொன்னான்னு நாமதான் கண்டுபுடிக்கணும். தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும். கதவைத் திறன்னு அடிச்சா கதவு தொறந்துதுன்னு வரும், வாட்ச்மேனைக் கேள்னு அடிச்சா வாட்ச்மேன் ஒரு பொய் சொல்லுவான், அதுக்குத் தெரியாத வார்த்தைய அடிச்சா "புரியல, வேற மாதிரி கேளு"ன்னு வரும். விஷயம் இவ்ளோதான், ஆனா கிளாஸ் முடிஞ்சும் ஒருத்தன் ஊட்டுக்குப் போவ மாட்டான். ஒரு மெஷின சுத்தி கும்பலா நின்னுகினு, புருஷன்தான் கொன்னான், இல்ல பால்காரன்தான் கொன்னான்னு சண்டை. கொலைகாரன ஒருத்தனும் கண்டுபுடிக்கல, பாஸ்கரும் சிரிச்சிகினே போவான், சொல்ல மாட்டான். சென்டருக்கு யாரு புதுசா வந்தாலும் சார் "எங்க பாஸ்கர் எழுதின கேம் பாருங்க"ம்பாரு. என் அட்டெண்டன்ஸ் அந்த மெஷின்லயேதான் இருந்துது, ஒரு நாளு கூட காட்டினதில்ல.

அது கூட பரவால்ல. சாந்தின்னு ஒரு பொண்ணு என் பேட்ச்ல படிச்சிகினு இருந்துது, எனக்கு அது மேல ஒரு இது. ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்னுச்சு, நான் அவசரமா தலைய வாரிகினேன். "தேவா அண்ணா, என்னை பாஸ்கர் சார் பேட்ச்சுக்கு மாத்திக் குடுக்கறீங்களா?" நான் அண்ணா, அவன் சார். மாத்திக் குடுத்தேன். வயிறு எரியறதுன்னு சும்மா பேச்சுக்கு சொல்றோம் பாருங்க, எனக்கு நெசமாவே எரிஞ்சுது, ஜெலுசில் வாங்கிக் குடிச்சேன்.

அந்த ஞாயித்துக்கெழம சார் சாவியக் குடுத்து சர்டிஃபிகேட்ட எல்லாம் பிரிண்ட் எடுத்து வெக்கச் சொல்லிட்டாரு. மத்தியானம், நல்ல மழை, கீழ மருந்துக் கடை கூட சாத்தி இருந்துது. பிரிண்டர் கர்ரு கர்ருன்னு ஓடிகினு இருக்க, நான் பக்கத்து மெஷின்ல அவன் கேமப் போட்டேன். வெளாட இல்ல. அதுல ஒரு ஓட்டை கண்டுபுடிச்சு, நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி, சாந்திக்கும் முன்னாடி, இது தப்பு மச்சான்னு சொல்லணும். அதுக்காக கண்டதையும் அடிச்சிகினே இருந்தேன். சமையல்கட்டுல ஒரு பீரோ இருக்கும் அந்த கேம்ல. திற, பார், உடை எல்லாம் அடிச்சுட்டு, கடைசில 'பீரோவை நகர்த்து'ன்னு அடிச்சேன்.

"பீரோவுக்குப் பின்னாடி ஒரு கதவு."

எனக்கு குஷி. ஒருத்தனும் கண்டுபுடிக்காதத நான் கண்டுபுடிச்சிட்டேன். கதவத் தொறந்தேன். "சின்ன ரூமு, ஒரு பொம்பள சொவத்தப் பாத்துகினு உக்காந்து கீறா"ன்னு வந்துது. யார் நீன்னு அடிச்சேன்.

"கோகிலாவோட அக்கா."

கோகிலாவைக் கொன்றது யார்னு அடிச்சேன்.

"அவளப் பத்தி கேக்காத. எல்லாரும் அவளையேதான் தேடறீங்க. செத்தவளுக்கு இவ்ளோ பேரு. நான் இங்கயேதான் கீறேன், ஒருத்தராவது என்னக் கேட்டீங்களா?"

சூப்பரா எழுதிக்கீறான்டா பாவின்னுதான் மொதல்ல தோணுச்சு, வயிறு இன்னும் எரிஞ்சுது. அப்புறம் நான் ஒண்ணுமே அடிக்கல, கை மடிலதான் இருந்துது, ஸ்கிரீன்ல எழுத்து தானா வந்துது.

"உனக்குப் புரியும். சாந்தி பக்கத்துல இப்ப யாரு உக்கார்றாங்க?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. என்னை அசிங்கப்படுத்தன்னே வெச்சுக்கீறான், நாளைக்கு எல்லாரும் பாத்து சிரிக்கப் போறானுங்க. ஆஃப் பண்ணப் போனேன், அதுக்குள்ள இன்னொரு வரி.

"சட்டைப் பட்டன் அந்து தொங்குது பாரு."

குனிஞ்சு பாத்தேன். தொங்கிகினு இருந்துது.

இத எவன் எழுதி வெக்க முடியும் சொல்லுங்க? ஸ்விட்ச அணைச்சிட்டு, கதவப் பூட்டிட்டு, செருப்பக் கூட மாட்டாம மழைல ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன்.

மறுநாள் ரயில்ல வழக்கம் போல சீட்டு புடிச்சு வெச்சிருந்தான். நான் உக்காரல, நின்னுகினே கேட்டேன். "என்னைக் கேலி பண்ணத்தான் அந்த ரூம வெச்சியா?"

"எந்த ரூமு மச்சான்?"

"பீரோவுக்குப் பின்னாடி. கோகிலாவோட அக்கா."

"கோகிலாவுக்கு ஏதுடா அக்கா?"

அவன் மூஞ்சில நடிப்பு இல்ல, எனக்கு அது நல்லா தெரியும். சென்டருக்குப் போய் புரோகிராம் மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்து தரையில நீட்டமா விரிச்சு, ரெண்டு பேரும் முட்டி போட்டுகினு வரி வரியா பாத்தோம். அக்கா இல்ல. ரூமு இல்ல. 'நகர்த்து'ன்ற வார்த்தையே அதுல இல்ல, அடிச்சா "புரியல"ன்னுதான் வரணும். அடிச்சுக் காட்டினான், அப்படித்தான் வந்துது. அப்புறம் பேப்பர சுருட்டிகினே சொன்னான்: "கேம்ல வர்ற ஊடு நான் குடியிருக்கிற ஊடுதான் மச்சான். புதுசா யோசிக்க சோம்பேறித்தனம், அதையே எழுதிட்டேன். அந்த பீரோ ஊட்டுக்காரங்களோடது, நாங்க தொட்டதே இல்ல."

அன்னிக்கு சாயந்திரமே திருநின்றவூர் போனோம். அவங்கம்மா எதுக்குடா எதுக்குடான்னு கேக்க கேக்க, ரெண்டு பேருமா பீரோவத் தள்ளினோம். சொவரு பூரா நீலம், அந்த எடத்துல மட்டும் ஒரு கதவு அளவுக்கு செங்கல் வெச்சு அடைச்சு, வெறும் சிமெண்ட்டு பூசி இருந்துது. பக்கத்துலயே இருந்த ஊட்டுக்காரம்மாவக் கூட்டியாந்து கேட்டோம். "நாங்க வாங்கும்போதே அப்படித்தான்பா இருந்துது. ஆனா அந்தாண்ட ஏது ரூமு? வெறும் தோட்டம்தானே"ன்னாங்க. சுத்திப் போய் பாத்தோம், நெசம்தான், ரெண்டு வாழை மரமும் துணி காயப் போடற கம்பியும்தான் இருந்துது. அவங்கம்மா எங்கள வெச்சே பீரோவ திரும்ப ஒட்டித் தள்ள வெச்சிட்டாங்க.

பாஸ்கர் பயந்துடுவான், கேம அழிச்சிடுவான்னு நெனச்சேன். அவன் பயப்படல. திரும்பி வர்றப்ப, ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான், பிளாட்ஃபார்ம்ல நின்னுகினு கேட்டான்: "என் கேமு, என் ஊடு. உன் கிட்ட ஏன்டா பேசணும்?"

அந்த கொரல் எனக்கு நல்லா தெரிஞ்ச கொரல். இவ்ளோ நாளா என் வயித்துக்குள்ள இருந்த கொரல்.

அதுக்கப்புறம் அவன் அந்த மெஷினே கதின்னு ஆயிட்டான். பீரோவை நகர்த்து, பீரோவைத் தள்ளு, அக்காவைக் கூப்பிடு, விதவிதமா அடிப்பான், புரியல புரியலன்னே வரும். கிளாஸ் எடுக்கல, தாடி வளந்துடுச்சு, சாந்தி டவுட்டு கேட்டா கூட என் பக்கம் கையக் காட்டுவான். கடைசில ஒரு நாள் கிளாஸ் எல்லாம் முடிஞ்சதும் என் தோளப் புடிச்சு அழுத்தி உக்கார வெச்சான். "அடி"ன்னான். அடிச்சேன். புரியலன்னு வந்துது. "எனக்குன்னா வராது, உனக்குன்னா வரும். நான் வெளிய நிக்கறேன்"னு சொல்லிட்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட போயி நின்னான்.

கதவு சாத்தின சத்தம் கேட்டுது. எழுத்து வந்துது.

"போயிட்டானா?"

போயிட்டான்னு அடிச்சேன்.

"இப்பதான் நிம்மதி. நீ தெனமும் வா."

நான் கையத் தூக்கி அவனக் கூப்புட்டேன். ஓடியாந்தான். அவன் உள்ள காலு வெச்சதும் ஸ்கிரீன் காலி, "புரியல, வேற மாதிரி கேளு". நான் இன்னா வந்துதுன்னு சொன்னேன், ஒரு வார்த்தை விடாம சொன்னேன். அவன் ஸ்கிரீனப் பாக்கல, என்னையே பாத்துகினு இருந்தான்.

"அவ பேசும்போது நீ சிரிச்ச. கண்ணாடி வழியா பாத்தேன்."

சத்தியமா நான் சிரிக்கல. அப்படித்தான் நெனைக்கிறேன்.

கேம் இருந்த ஃபிளாப்பிய உருவி ரெண்டா மடிச்சு ஒடச்சான். அதுதான் நாங்க கடைசியா பேசினது. மறுநாள் நான் வேற பொட்டில ஏறினேன், அவன் எனக்கு சீட்டு புடிச்சானான்னு கூட தெரியாது.

சார் எனக்கே வேலைய பர்மனென்ட் பண்ணாரு. எதுக்கு ஏங்கினேனோ அது கைல வந்துது, ஆனா அந்த சென்டர்ல தனியா உக்கார முடியல, எந்த மெஷினப் போட்டாலும் எழுத்து வர்றதுக்கு முன்னாடி ஒரு செகண்டு ஸ்கிரீன் கருப்பா இருக்கும் பாருங்க, அந்த ஒரு செகண்ட என்னால தாங்க முடியல. சாருக்கு ஏதோ சாக்கு சொல்லிட்டு திருமழிசை எஸ்டேட்ல ஒரு கம்பெனில ஸ்டோர்ஸ்ல சேந்துட்டேன். பாஸ்கர் கொஞ்ச நாள்ல தெளிஞ்சு, நான் விட்ட சென்டர் வேலைக்கே வந்தான். சாந்தியக் கட்டிகினான். அம்மாவக் கூட்டிகினு அம்பத்தூருக்கே குடி வந்தான். நான் ஆசப்பட்டது எல்லாமே அவனுக்குக் கெடச்சுது, ஆனாலும் ரோட்டுல என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குவான், ஏதோ அவன் சொத்த நான் புடுங்கிகினு போயிட்ட மாதிரி.

வருஷம் போச்சு. பூந்தமல்லில ஒரு கல்யாணம், எங்க பழைய ஸ்டூடண்ட்டோட கல்யாணம். பாஸ்கர் வரல, சாந்தி மட்டும் வந்திருந்துது. பந்தில எனக்குப் பக்கத்து எலைல உக்காந்துச்சு, நல்லா கீறீங்களா அண்ணா, அண்ணி வரலயான்னு சகஜமா பேசிச்சு. ரசம் ஊத்தும்போது கொரலத் தாழ்த்திகினு, "அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க அக்காவுக்கு என்னப் புடிக்காதா?"ன்னு கேட்டுச்சு.

"யாருக்கு?"

"உங்க அக்காவுக்குதான். எங்க ஊட்டுக்கு அப்பப்ப போன் பண்ணுவாங்க. இவரு ஊட்ல கீறாருன்னு சொன்னா உடனே வெச்சிடுவாங்க, இல்லன்னாதான் பேசுவாங்க. பேசினா பூரா உங்களப் பத்திதான். நேத்து கூட பண்ணாங்க. நாளைக்கு கல்யாணத்துல என் தம்பியப் பாப்ப, அவன் கிட்ட ரொம்ப நேரம் பேசாதேன்னாங்க. நான் இன்னா அண்ணா பண்ணேன் அவங்கள?"

எங்கப்பா அம்மாவுக்கு நான் ஒரே புள்ள. கூடப் பொறந்தவங்க யாருமே கெடையாது. அத சொல்லத்தான் வாயத் தொறந்தேன், நம்புங்க. ஆனா வெளிய வந்தது வேற.

"அக்காவுக்கு எப்பவுமே அந்த கொணம்தான் சாந்தி, நீ மனசுல வெச்சுக்காத"ன்னு சொன்னேன்.

ரொம்ப சாதாரணமா சொன்னேன், ஏதோ சின்ன வயசுலேர்ந்து கூடவே வளந்த ஒருத்தியப் பத்தி சொல்ற மாதிரி. அது என் வாய்ல எப்படி வந்துதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. சாப்பாட்ட அப்படியே வெச்சிட்டு எழுந்துட்டேன். சாந்தி கிட்ட அதுக்கு மேல நான் பேசல.