நின்றுகொண்டே வந்த நினைப்பு

வில்பட்டியில் காலைப் பேருந்து ஏறும் சிவபாக்கியம், முதல் வளைவு தாண்டியதும் எழுந்து நிற்பாள். பல வருடப் பழக்கம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்பு அங்கேதான் வரும். இறங்கி வீட்டுக்கு ஓடுவாள். அடுப்பு ஒருநாளும் எரிந்துகொண்டிருந்ததில்லை.

"அக்கா, நாளைக்கு அடுப்பையும் தூக்கிட்டு வந்துருங்க. லக்கேஜ் போட மாட்டேன்" என்பார் நடத்துநர் ராஜமுருகன். பேருந்தே சிரிக்கும். அவளும் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

கொடைக்கானல் விடுதி ஒன்றில் காலை இட்லி அவள் பொறுப்பு. போன தை மாதம் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் லேட்டா வந்தீங்கன்னா வேற ஆள் பாத்துக்குவேன்மா."

விடுதியில் அறை கூட்டும் ஷர்மிளாவிடம் சொல்லி அழுதாள். விருந்தாளிகளின் தியான வகுப்பைக் கதவோரம் நின்று கேட்பவள் ஷர்மிளா.

"அந்த நினைப்போட மல்லுக்கு நிக்காதீங்கக்கா. அது பாட்டுக்கு வரட்டும். நீங்க கையில என்ன படுது, மூக்குல என்ன வாசம் வருதுன்னு பாருங்க."

"அப்பவும் போகலன்னா?"

"திரும்பப் பாருங்க. பஸ்ஸுல உங்களுக்கு வேற என்ன சோலி?"

மறுநாள் அதே வளைவு. பாதி எழுந்துவிட்டாள். ராஜமுருகனின் கை விசிலுக்குப் போனது. வேலையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா? உக்கார எடமில்ல. நின்னுக்கிட்டே வா" என்றாள் நினைப்பிடம். வாய்விட்டே சொல்லிவிட்டாள் போல.

பக்கத்தில் பூண்டு மூட்டையோடு இருந்த கந்தம்மாள் திரும்பினாள். "ஏத்தா, நான் உக்காந்துதான கெடக்கேன்?"

சிவபாக்கியத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். பனியில் சில்லென்றிருந்தது. பூண்டு வாசம் மூக்கில் ஏறியது. அடுத்த வளைவில் நினைப்பு மறுபடி வந்தது. மறுபடி கம்பி, மறுபடி பூண்டு. கொடைக்கானல் வந்து இறங்கியபோது கைதான் மரத்துப்போயிருந்தது. இட்லி நேரத்துக்கு வெந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. இத்தனை வருடமும் அடுப்பைப் பற்றியே கவலைப்பட்டவள், அன்று கதவைப் பூட்டவே மறந்திருக்கிறாள். உள்ளே பக்கத்து வீட்டுக் கோழி அடுப்பின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. விரட்டினால், அடியில் ஒரு முட்டை.

அடுப்பு அணைந்திருந்ததற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நினைப்பு இன்னும் அந்த வளைவில் ஏறத்தான் செய்கிறது. சிவபாக்கியம் இறங்குவதில்லை. விடுதியில் இட்லி அவள் கையில்தான் இருக்கிறது. கிளம்பும்போது பூட்டை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்கிறாள்.